என்னை இந்தியாவுக்கு அனுப்பிய நாள்

ஞாயிறு, தைப்பூசம் முடிந்த வாரம்.

தொழிற்சாலைக்காக நிலத்தைக் காலி செய்யச் சொன்னதிலிருந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதனால், மகளைப் பெண் பார்க்க இன்று தண்ணீர்மலையிலிருந்து வந்தவர்கள் போகும்வரை என்னை, தினமும் நான் பால் கறக்கும் மாட்டுக் கொட்டகையிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள் மனைவி. இருந்தேன். பலகைச் சுவர்தானே, எல்லாம் கேட்டது.

"அவரு இந்தியா போயிருக்காரு," என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, "பால் நல்லா கெட்டியா இருக்கு லா. யாரு கறக்குறது?" என்று கேட்டார்.

என் மகள் சொன்னாள்: "பங்களாதேஷ் ஆளு ஒருத்தன் இருக்கான், அங்கிள்."

ஒருத்தன்.

அவர்கள் போனபின் மிச்சக் கேசரியை என்னிடம் நீட்டி, எல்லாருக்கும் சம்மதம் என்றாள் மனைவி. தாரை வார்க்கும் அன்று நான் எந்த நாட்டில் இருக்க வேண்டுமென்று இன்னும் சொல்லவில்லை.