மோட்டார் அறைச் சாவி

இன்று காலை மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் படியில் நின்று கூப்பிட்டாள்: "அக்கா, தண்ணி நின்னுபோச்சு. மோட்டார் கொஞ்சம் போடறீங்களா?" தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதே படி, அதே தயக்கம்.

ஆபீசில் நாம் இருவரும், கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதும் ஒரே டீம், பக்கத்துப் பக்கத்து மேசை. அடுகோடியில் இருக்கும் வீட்டில் மட்டும் நான் ஓனர். நீயும் உன் அம்மாவும் மேலே குடித்தனம். மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருந்தேன். குடித்தனக்காரர் கையில் கொடுத்தால் தொட்டி வழியும் என்பது ஓனர்களின் வேதம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வர்ச்சுவலைசேஷன் வார்த்தைகளை நான் விளக்க வேண்டியிருந்த நாள் நினைவிருக்கிறதா? ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்று ஓடும்போது அதற்கு டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் எப்படிக் கிடைக்கின்றன என்று சொல்லத் தெரியாமல் உளறினேன். நீ எழுந்து போர்டில் படியோடு ஒரு மாடிவீடு வரைந்தாய்.

"கீழ் வீடு ஹோஸ்ட், அதாவது நெஜ கம்ப்யூட்டர். மேல் வீடு கெஸ்ட், அதுக்குள்ள ஓடறது. குழாயத் திறந்தா தண்ணி வருது, மோட்டார் நம்மளதுன்னு மேல நம்பிட்டிருக்காங்க. நெஜத்துல கீழேர்ந்து ஒருத்தர் குடத்துல ஊத்திட்டிருக்கார். அது எமுலேஷன். தான் குடித்தனம்னு தெரிஞ்சு, 'மோட்டார் போடுங்க'ன்னு கேட்டு வாங்கினா பாராவர்ச்சுவல்."

"அப்ப பாஸ்த்ரூ?" என்றார் ஒருவர்.

"மோட்டாரையே மேல்வீட்டுக்குன்னு விட்டுட்டு சாவியக் குடுத்துடறது. அப்புறம் யாரையும் கேக்க வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உன் மாடிவீட்டை வைத்தே பயிற்சிக் குறிப்பு எழுதிப் பாராட்டு வாங்கினேன். மறுநாளும் நீ படியில் நின்றுதான் கூப்பிட்டாய். ஒரு ஞாயிறு சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீராம்புரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். மாலை திரும்பினால், காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்காகத் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக ஏற்றியிருந்தாய். "பரவால்ல விடுப்பா, ஆயிப்போச்சு" என்றாய். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று அடுப்பை அணைத்துவிட்டு மேலே போய் அந்தப் பெண்ணின் கையில் சாவியைக் கொடுத்தேன். "நெஜமாவா அக்கா? நானே வெச்சுக்கலாமா?" என்று கேட்டு, ஏதோ பெரிய உபகாரம் செய்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள முடியாமல் வேகமாக இறங்கிவிட்டேன்.

நீ போர்டில் வரைந்த அந்தப் படியை ஏற எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. ஏறியபோது மேலே நீ இல்லை.