ஓம் மிஸ், கேட்குது

முரசுமோட்டை
பங்குனி 20

அன்புள்ள மகள் சுரேகாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்கும் வற்றாப்பளை அம்மன் ஒரு குறையும் வைக்கக் கூடாது. போனில் சொன்னால் கதை பாதியில் அறுந்துபோகும், அதுதான் பேனையை எடுத்தேன். அப்பா காயவிட்ட நெல்லுக்குக் காவல் இருக்கிறார்.

வெள்ளத்தில் வீதி உடைந்து எங்கள் விவசாயக் கல்லூரி இரண்டு மாதம் ஒன்லைனில் நடந்தது உனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் டேட்டா இல்லையென்று நான் மண் பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பேசிப் பதிந்து வட்ஸ்அப்பில் போட்டேன், கிழமைக்கு ஒருநாள் மட்டும் சூம். கரும்பலகையில் கீறுகிற படத்தையும் வாயால்தான் சொல்லவேண்டும், நிமிடத்துக்கு ஒருமுறை கேட்குதோ பிள்ளையள் என்பேன், அப்பா குசினிக்குள் இருந்து தனக்குக் கேட்குது என்று பகிடி பண்ணுவார். துணுக்காயில் இருந்து வருகிற பிள்ளை தேனுகா, முந்தி வகுப்பில் நாற்பது எடுத்தவள், ஒன்லைன் சோதனையில் தொண்ணூறு எடுத்தாள். வகுப்பு திரும்பத் தொடங்கியதும் முப்பத்தைந்து. வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். பேப்பர் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல், கள்ளமாக எழுதினாயா என்று கேட்டேன். ஓம் மிஸ் என்றாள். அவளைக் கல்லூரியில் இருந்து நிறுத்தச் சொல்லி அதிபருக்குக் கடிதம் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

அடுத்தநாள் பலகையில் எழுதியபடியே பழக்கதோஷத்தில் கேட்குதோ பிள்ளையள் என்றுவிட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. திரும்பிப் பார்த்தால் தேனுகா மட்டும் சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவளின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கூப்பிட்டு, இந்தமுறை முகத்தைப் பார்த்துக் கேட்டேன். சண்டைக் காலத்தில், மூன்று வயதில் அரைவாசி போன காதாம். "நீங்கள் பலகைப் பக்கம் திரும்பினால் எனக்குப் பாடம் போயிடும் மிஸ், போனில எண்டால் சத்தத்தைக் கூட்டித் திருப்பித் திருப்பிக் கேப்பன்" என்றாள். விளங்காவிட்டால் ஓம் சொல்லிவிடுவாளாம், இல்லை என்றால் எல்லாரும் பார்ப்பார்களாம்.

கடிதத்தை அடுப்புக்குள் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது பிள்ளை. இருபத்தாறு வருடமாகப் பலகைக்குத்தான் படிப்பித்திருக்கிறேன், நினைக்க வெட்கமாக இருக்கிறது. இப்போது எழுதும்போது வாய் திறப்பதில்லை, திரும்பி நின்றுதான் கதைக்கிறேன். பாடத்தைப் பதிந்தும் போடுகிறேன், அவளுக்கென்று போடுவதை முழு வகுப்பும் கேட்கிறது. நேற்றுச் சோதனையில் எண்பத்தேழு, என் கண் முன்னால் இருந்து எழுதினாள்.

நீ குளிருக்குள் காதை மூடாமல் திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன்னோடு இருப்பா. மறக்காமல் ஒன்று செய். லைன் விட்டுவிட்டு வந்தால் நானும் தேனுகா மாதிரித்தான், விளங்காமலே ஓம் சொல்லிவிடுவேன். போன ஞாயிறு கடைசியில் நீ குரலைத் தணித்து என்னவோ சொன்னாய், நான் ஓம் என்றேன், நீயும் சந்தோஷமாகப் போனை வைத்தாய். எதற்கு ஓம் சொன்னாய் என்று அப்பா மூன்று நாளாகக் கேட்கிறார். எனக்கு அது கேட்கவில்லை பிள்ளை. திரும்ப ஒருக்கால் சொல்லு.

உன் அம்மா,
ஜெயரூபி