மாமா அறையின் இரண்டாவது பாக்ஸ்

ஒரகடத்தில் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிய மாரிசெல்வி, முதல் ஷிப்ட் முடிந்து வரப்போகும் கணவன் வேல்ராஜுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அவனோடு பேச்சில்லை. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் பேச்சிழந்து கிடந்த மாமனாரின் அறையில் அவன் இன்னொரு டிவியும் அதற்கொரு கேபிள் பாக்ஸும் வைத்திருந்தான். "ரெண்டாவது பாக்ஸுக்கும் மாசாமாசம் தனியாக் கட்டணுமா? அவருக்கு என்ன வெளங்கப் போவுது?" என்று சண்டை போட்டவள் அவள்தான்.

இப்போது அவளே பேனாவை எடுத்தாள்.

"அத்தான், மீன் குழம்பைச் சுட வச்சுக்கோங்க. நீங்க வர்ற வரைக்கும் கீழ்வீட்டு ஷாரோன் அக்கா மாமாகூட இருப்பாவ.

மதியம் மாமா ரூம்ல கபடி ஓடிச்சு. 'விடாதலே, காலைப் பிடி!'ன்னு ஒரு சத்தம். டிவின்னு நினைச்சேன். எட்டிப் பார்த்தா, கத்துனது மாமா! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கரண்டியோட அப்படியே நின்னுட்டேன்."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எழுந்தவள் மறுபடி குனிந்து ஓரத்தில் எழுதினாள்: "நான் பேசினது தப்பு. பாக்ஸை எடுக்கச் சொல்லிராதீங்க."

அதற்கும் கீழே, இடமில்லாமல், பொடி எழுத்தில்:

"மாமா என்னைப் பார்த்து, 'மாரி, உக்காந்து பாரு'ன்னாவ. உக்காந்துட்டேன்."