எவர்கிரீனுக்கு ஒரு ஸ்டேடியம்

ஜூன் 8, 2025 – ஞாயிறு

இன்று கடை லீவு. எதிரே தாலுகா ஆபீஸ் பூட்டியிருக்கும்போது டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்கு யார் வரப்போகிறார்கள். துணி துவைத்து, மீன் குழம்பு வைத்து, சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்குத்தான் போனைப் பார்த்தேன். எங்கள் ஊர் டீம் வளர்பிறையின் வாட்ஸ்அப் குரூப்பில் நூற்று நாற்பது செய்தி. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே பயந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பெரம்பலூர் எவர்கிரீன் ஃபுட்பால் டீம் இனிமேல் தன் சொந்த மைதான ஆட்டங்களை எல்லாம், டவுனுக்கு வெளியே அரசு கட்டியிருக்கும் புது ஸ்டேடியத்தில் ஆடப்போகிறதாம். கேலரி, உடை மாற்றும் அறை, பச்சைப் புல். குன்னத்தில் எங்கள் வளர்பிறை ஆடுவது மக்காச்சோளம் அறுத்த கொல்லையில். நாங்கள் பார்ப்பது வரப்பில் உட்கார்ந்து. பந்து வெளியே போனால் பருத்திச் செடிக்குள் தேட வேண்டும்.

அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் மாயவன் பெரம்பலூரில் பிறந்தவர், எவர்கிரீன் ரசிகர். கல்யாணமாகிப் பதினாலு வருடம் குன்னத்தில் மோட்டார் ரிப்பேர் பார்த்தும் அது மட்டும் மாறவில்லை. "அப்புடியா?" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. காலையிலேயே தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 9

ரசத்தில் உப்பு கூட என்றார். வேண்டுமென்றே போட்டதுதான்.

ஜூன் 15 – ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இன்று ஒரே சத்தம். வளர்பிறை ஆட்கள் இருபது பேர் இருப்போம். பெண் என்று நான் ஒருத்திதான். ஆனால் கிளப்பின் கடிதம் எல்லாம் நான் அடித்துக் கொடுப்பதால் எனக்கு ஒரு ஸ்டூல் எப்போதும் உண்டு.

வெங்காய மண்டி சின்னதுரை அண்ணன்தான் ஆரம்பித்தார். மேட்ச் அன்று டிரம் அடிப்பவர் அவர். பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"என் வரிப்பணம், உன் வரிப்பணம். அதுல கட்டுன ஸ்டேடியத்த ஒரே ஒரு கிளப்புக்குத் தூக்கிக் குடுப்பாங்களா? சொல்றேன் கேட்டுக்கங்க. அந்த இடத்துல நான் கால வைக்க மாட்டேன். எவனும் வைக்கக் கூடாது."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

டீ வாங்க வந்த என் வீட்டுக்காரர் சும்மா போயிருக்கலாம். "அண்ணே, ஒன்றரை வருசமா பூட்டிக் கெடந்துச்சு. கேலரியில கருவேலம் மொளைச்சுது. எவர்கிரீன்காரங்க போயித்தான் வெட்டுனாங்க. ஒரு டீமாவது ஆடட்டுமே" என்றார்.

"நீ பேசாத மாயவா. பொண்ணு குடுத்த ஊருங்கிறதால சும்மா வுடுறோம்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஆடாத மைதானம் யாருக்கு லாபம்? அதில் நியாயம் இருக்கிறது. எரிச்சலே அதனால்தான்.

ஜூன் 19

லீக் கமிட்டியிடமிருந்து கடிதம். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக் கிளப்புகளுக்கும் பொது. சுற்றுச்சுவரும் உடை மாற்றும் அறையும் உள்ள மைதானம் இல்லாத கிளப் இந்த வருடம் முதல் டிவிஷனில் ஆட முடியாது. மைதான அனுமதியை ஆகஸ்ட் 31க்குள் காட்ட வேண்டும்.

எங்கள் கேப்டன் தமிழரசன் டிராக்டரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தான். இரண்டு முறை படித்தான். "அக்கா, நாலு வருசம் அடிபட்டு மேல வந்தோம். ஒரு செவுத்துக்காகக் கீழ போவணுமா?"

கடிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு?

ஜூன் 22 – ஞாயிறு

பார்க்காமல் பேசக் கூடாது என்று அவரோடு பைக்கில் போனேன். சின்னதுரை அண்ணனுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

பெரிய இரும்பு கேட். பூட்டு. கேட்டின் மேல் 'எவர்கிரீன் இல்லம்' என்று ஃபிளெக்ஸ். இல்லமாம்! காவலுக்கு இருந்த அம்மா இருசம்மாளிடம் உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். "சாவி கிளப்பு செக்ரட்டரி சாமிதுரைகிட்ட இருக்கும்மா. எங்கிட்ட சின்ன கேட்டு சாவிதான்" என்று அதைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஒரே பச்சை. அவ்வளவு புல்லை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். இங்கே தமிழரசன் ஓடினால் எப்படி இருக்கும்? கொல்லையில் ஓடி ஓடி அவன் முழங்காலில் தோலே இல்லை.

ஒரு மூலையில் போர் மோட்டார். "இது காயில் போயி கெடந்துச்சு. மார்ச்சு மாசம் நாந்தான் கட்டிக் குடுத்தேன்" என்றார் அவர். இதையும் என்னிடம் சொல்லவில்லை.

வெளியே வரும்போது திறப்புவிழாக் கல்வெட்டைப் படித்தேன். 'பொதுமக்கள் பயன்பாட்டிற்காக.' போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 23

ஊரில் பாதிப் பேருக்குத் தகவல் உரிமை மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். பட்டா, ரேஷன், முதியோர் பணம். எனக்கென்று ஒன்று அடித்ததே இல்லை. இன்று அடித்தேன், மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு. மூன்று கேள்வி. எந்த ஆணைப்படி எவர்கிரீனுக்கு மைதானம் தரப்பட்டது? எத்தனை ஆண்டுக்கு? வேறு கழகம் கேட்டால் தரப்படுமா?

கோர்ட் வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் போட்டேன். வழியில் ரசீதை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 6 – ஞாயிறு

அழுதுவிட்டேன். எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் மனு போட்டதும், ஸ்டேடியத்தைப் போய்ப் பார்த்ததும் சின்னதுரை அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில், அத்தனை பேர் நடுவில் — "கால வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணோம். நீ போயி அங்க எடம் கேட்டு மனு போடுறியா? புருசன் பேச்சுதானே உனக்குப் பெருசு" என்றார்.

மற்றவர்கள் டீ டம்ளரைப் பார்த்தார்கள். தமிழரசன் தரையைப் பார்த்தான்.

என்னா பேச்சு இது? அந்தாளுக்கு நான் எத்தன பேப்பர் அடிச்சுக் குடுத்திருப்பேன்? புருசன் பேச்சா? நான் யாரு பேச்சயும் கேட்டு எதுவும் பண்ணல. நம்ம பணத்துல கட்டுனதுன்னு கத்துறோம், அப்ப அது நம்ம எடந்தானே? நம்ம எடத்துக்குள்ள நாம போவ மாட்டோம்னு சொல்றது யாருக்கு வசதி? எவர்கிரீனுக்குத்தானே?

இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் அவர் தோசை சுட்டு வைத்தார். ஒரு பக்கம் கருகியிருந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 7

வளர்பிறை குரூப்பில் யாரும் எனக்கு வணக்கம் கூடப் போடவில்லை.

ஜூலை 25 – வெள்ளி

பதில் வந்துவிட்டது!

அப்படியே எழுதி வைக்கிறேன். "எந்தவொரு கழகத்திற்கும் மைதானம் தனி ஒதுக்கீடு செய்யப்படவில்லை. பதிவு பெற்ற கழகங்கள் விண்ணப்பித்து முன்பதிவு செய்துகொள்ளலாம். இதுவரை வரப்பெற்ற விண்ணப்பங்கள்: ஒன்று."

ஒன்று. அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை படித்தேனோ. ஒருவரும் எவர்கிரீனுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. அவர்கள் கேட்டார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. ஒன்றரை மாதமாக டீக்கடையில் உட்கார்ந்து கத்தினோம், ஒரு தாளில் எழுதிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மனு அடிப்பதே பிழைப்பாக இருக்கிற எனக்கும்!

பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். சத்தமாகப் படித்தேன். தமிழரசன்தான் முதலில் எழுந்தான். "அக்கா, விண்ணப்பம் ரெண்டாக்கு. இப்பவே அடி." சின்னதுரை அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு மண்டிக்குப் போனார். போகட்டும்.

ஆகஸ்ட் 11 – திங்கள்

எங்கள் விண்ணப்பத்துக்கு எவர்கிரீன் எதிர்ப்புத் தெரிவித்ததால் இரண்டு கிளப்பையும் விளையாட்டு ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் தமிழரசனும் நானும். அவர்கள் பக்கம் சாமிதுரையும் ஐந்தாறு ரசிகர்களும். அந்த ஐந்தாறில் என் வீட்டுக்காரரும் ஒருவர். ஒரே பைக்கில் வந்து எதிரெதிரே உட்கார்ந்தோம்.

சாமிதுரை நன்றாகத்தான் பேசினார். "முள்ள வெட்டுனது நாங்க. தண்ணி பாய்ச்சுனது நாங்க. எல்லாம் ஆனப்புறம் பங்குக்கு வந்தா எப்புடி சார்?"

நான் எழுந்தேன். "அவங்க உழைச்சது உண்மைங்க சார். அதுக்கு நாங்க நன்றி சொல்லணும். இனிமே அந்த வேலையில பாதி எங்களுது, எழுதியே குடுக்கிறோம். ஆனா கேட்டுல 'இல்லம்'னு போட்டுப் பூட்டுறதுக்கு ஆணை எதுவும் இல்லன்னு உங்க ஆபீஸ் பதிலே சொல்லுது" என்று பேப்பரை மேசையில் வைத்தேன்.

அதிகாரி படித்தார். அப்போது பின்னாலிருந்து, "சார், ஒரு வார்த்தை" என்று ஒரு குரல். அவர்தான்.

"அந்த மோட்டாருக்குக் காயில் கட்டுனவன் நான். எவர்கிரீனுக்காகத்தான் கட்டுனேன், பொய் சொல்லல. ஆனா வளர்பிறை கீழ டிவிஷன் போயிட்டா நாங்க யார்கூட சார் ஆடுறது? இவங்கள ஜெயிக்கிற சந்தோசம் வேற எவன ஜெயிச்சாலும் வராது சார்."

அதிகாரியே சிரித்துவிட்டார். சாமிதுரை கூட, கர்சீப்பை வைத்து வாயை மூடிக்கொண்டு.

திரும்பும்போது பைக்கில், "நீங்க பேசுவீங்கன்னு சொல்லவே இல்ல" என்றேன். "சொன்னா நீ டைப் அடிச்சுக் குடுத்திருப்ப" என்றார்.

ஆகஸ்ட் 14

உத்தரவு கையில். ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு எங்களுடையது. கேட் சாவி இனி இருசம்மாளிடமே இருக்கும். ஃபிளெக்ஸ் இறங்கிவிட்டது. லீக்குக்கு ஜெராக்ஸ் அனுப்பியாயிற்று. முதல் டிவிஷன்! கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு.

செப்டம்பர் 14 – ஞாயிறு

இரண்டு கிளப் ஆட்களும் சேர்ந்து களை எடுத்தோம். முதலில் அவர்கள் அந்தப் பாதி, நாங்கள் இந்தப் பாதி என்று ஒருவரை ஒருவர் பார்க்காமல்தான் குனிந்தோம். நடுக்கோட்டுக்கு வந்ததும் யாருடைய களை என்று தெரியாமல் போய்விட்டது. சின்னதுரை அண்ணன் வரவில்லை. ஆனால் எங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பியது மண்டியிலிருந்துதான் என்று தமிழரசன் சொன்னான். வெங்காய சாம்பார்.

அக்டோபர் 12 – ஞாயிறு

தொண்டை போய்விட்டது. பேனா மட்டும்தான் பேசுகிறது.

வளர்பிறை, எவர்கிரீன். புது ஸ்டேடியத்தில் எங்கள் முதல் சொந்த மைதான ஆட்டம். குன்னத்திலிருந்து நாலு வேன், அது போக பஸ்ஸில் வந்தவர்கள். கேலரி நிரம்பி ஓரத்தில் நின்றார்கள். கிழக்குப் பக்கம் நாங்கள், மேற்கே அவர்கள். மேற்கில் மூன்றாவது படியில் என் வீட்டுக்காரர் பச்சைச் சட்டையில்.

இருபதாவது நிமிடம் எவர்கிரீன் கோல். மேற்குப் பக்கமே எழுந்து ஆடியது. எங்கள் பக்கம் செத்த மாதிரி. அப்போதுதான் கேட்டது. டிரம்! உள்ளே இல்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே. கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன மனுஷன், சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு ரோட்டில் நின்று அடிக்கிறார். எங்கள் பக்கம் மொத்தமும் அந்தத் தாளத்துக்குக் கை தட்ட ஆரம்பித்தது. இடைவேளைக்கு முன்னால் தமிழரசன் தலையால் முட்டி ஒன்றுக்கு ஒன்று.

நாங்கள் போட்ட கூச்சலில் வெளியே டிரம் நின்றுவிட்டது. "யாரு போட்டது? ஏய், யாருடா போட்டது?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். நான் கேட்டுக்குப் போனேன். சின்னதுரை அண்ணன் வியர்த்து, டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள வந்து பாருங்கண்ணே" என்றேன்.

"வந்தா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமே."

டிரம் வாரை ஒரு தடவை சரிசெய்தார். பிறகு, "அன்னைக்கு நான் பேசுனது தப்பும்மா செல்வி. அத்தன பேரு முன்னாடி பேசிட்டேன்" என்றார். அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. டிரம்மின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்ள இருவரும் உள்ளே நடந்தோம். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்கள்.

கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது தமிழரசன் இடது பக்கம் மூன்று பேரைத் தாண்டி ஓடினான். கொல்லை மண்ணில் ஓடிய கால், புல்லில் எப்படிப் பறக்கிறது! அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே. இரண்டு, ஒன்று. அதன் பிறகு என்ன நடந்தது என்று சத்தியமாக நினைவில்லை. செருப்பு ஒன்றைக் காணோம்.

வெளியே வந்தபோது அவர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. "நல்லாத்தான் ஆடுனானுங்க" என்றார். அந்த ஒரு வரிக்காக இன்னும் பதினாலு வருடம் இந்த மனிதனோடு இருக்கலாம்.

நவம்பர் 22 – சனி

அரியலூர் பெண்கள் டீமின் கேப்டன் நந்தினி வியாழக்கிழமை கடைக்கு வந்திருந்தாள். அவர்களுக்குச் சுவர் வைத்த மைதானம் கிடையாது. பெரம்பலூர் ஸ்டேடியத்தைக் கேட்டு ஒரு விண்ணப்பம் அடிக்க வேண்டும் என்றாள். தேதி என்னம்மா என்றேன். இருபத்து மூன்றாம் தேதி என்றாள்.

அது எங்கள் ஞாயிறு.

உண்மையைச் சொல்ல வேண்டும். விரல் கீபோர்டில் அப்படியே நின்றது. வேறு மாவட்டம், வேறு ஆட்கள், எங்கள் நாள் — இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தேன். அடித்து முடித்ததும் தமிழரசனுக்கு போன் செய்து, எங்கள் ஆட்டத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ள முடியுமா என்று கேட்டேன். குரூப்பில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சின்னதுரை அண்ணன் குரல் செய்தி போட்டார்: "பொம்பளப் புள்ளைங்க ஆடட்டும்டா. அரியலூர்க்காரன் என்ன வரி கட்டாமலா இருக்கான்?"

இன்று அனுமதி வந்துவிட்டது. நாளை காலை ஏழு மணிக்கு அவர்கள் ஆட்டம், பெரம்பலூர் பெண்கள் டீமோடு. நானும் அவரும் போகிறோம். யார் பக்கம் கத்துவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.