முப்பத்து மூன்றரை டிகிரி

அப்பா,

நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையில் பாப்பாவின் துணிகளை அடுக்கும்போது, அடியில் அந்த மஞ்சள் சாக்ஸ் கிடந்தது. நீங்கள் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. கட்டைவிரல் நீளம்தான். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறந்ததும் அவள் அழவில்லை. மூளைக்கு ஆக்ஸிஜன் போதவில்லை, மூன்று நாள் உடம்பைக் குளிரவைத்தால் பாதிப்பு பரவாமல் தடுக்கலாம் என்றார் டாக்டர். முப்பத்து மூன்றரை டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும். "பச்சக் கொழந்தைய யாராச்சும் குளிர்ல போடுவாங்களா சார்?" என்று கேட்டீர்கள்.

மறுநாள் என்னை வீல்சேரில் வைத்து நீங்கள்தான் தள்ளிக்கொண்டு போனீர்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது என்று எனக்குக் காதில் பஞ்சு, தலையில் மப்ளர், குடிக்க வெந்நீர். அவளோ குளிர்ந்த நீர் ஓடும் மெத்தையில் வெறும் டயப்பரோடு கிடந்தாள். பாதத்தைத் தொட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட் மாதிரி இருந்தது. சிஸ்டர் அந்தப் பக்கம் போன நேரத்தில், உங்கள் கையிலிருந்த சாக்ஸை வாங்கி நான்தான் மாட்டினேன். மப்ளரையும் அவிழ்த்து அவள்மேல் போர்த்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் கத்தியது. சிஸ்டர் ஓடிவந்தார்.

"யாருங்க இதெல்லாம் போட்டது? முப்பத்து நாலு தாண்டிடுச்சு! கொழந்தைய ஊட்டிக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள். "நான்தாம்மா. வயசான புத்தி."

"பெரியவரே, இனிமே நீங்க உள்ள வரக்கூடாது."

வெளியே வந்ததும், "விடும்மா, நீ ஒண்ணும் பேசாத" என்றீர்கள். அதன்பின் குளிரவைக்கும் மூன்று நாள் முடியும்வரை லிஃப்ட் பக்கத்திலேயே நின்றீர்கள். மறைமலை நகர் கம்பெனியில் மீட்டர் பார்த்தே காலம் கழித்தவர், நான் வெளியே வரும்போதெல்லாம், "இப்ப எவ்ளோ காட்டுது?" என்று மட்டும் கேட்டீர்கள்.

கொஞ்ச நேரம்தானே, அதனால் ஒன்றும் ஆகாது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் பத்து மாதம் முடிந்தும் பாப்பா பிடித்துக்கொள்ளாமல் உட்காரவில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போய் நாலு மாதமாகிறது. போன வாரம்கூட என் மாமியார் சொன்னார்: "உங்கப்பா அன்னிக்குப் பண்ண வேலை. வேற இன்னா?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசாமல் இருந்தேன் அப்பா. நீங்கள் பேசாதே என்றது சிஸ்டரிடம். இந்தப் பழிக்கு இல்லை.

இப்போது பாப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருக்கிறது. சாக்ஸைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

நாளைக்கு மாமியாரும் வருகிறார். பாப்பா ஏன் உட்காரவில்லை என்று டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. டாக்டர் வாய் திறப்பதற்கு முன்னால், அன்றைக்கு சாக்ஸும் மப்ளரும் போட்டது நான் என்று சொல்லிவிடப் போகிறேன். நல்ல சேதி கேட்ட பிறகு அதைச் சொல்ல யாராலும் முடியும்.