சாக்ஸபோனுக்கு ஒரு சீட்டு

பிப்ரவரி 8, சனி.

மகாபலிபுரம் கடற்கரை ஹோட்டலில் ஜாஸ் கேட்கப் போவது இது மூன்றாவது வாரம். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது தனிக் கவலை.

இன்று மானம் போயிற்று. திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் பாட்டு கேட்டு எழுதிக் கொடுப்போமே, அதுபோல மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பினேன்: ‘போன வாரம் சாக்ஸபோனில் நடுவே தனியாக வாசித்ததை அப்படியே மறுபடியும் வாசிக்கவும்.’ வாரம் முழுக்கக் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் அதைத்தான் முனகிக்கொண்டிருந்தேன்.

சாக்ஸபோன்காரர் தலையில் வெள்ளைக்காரத் தொப்பி, பேச்சு மட்டும் அசல் நம்மூர். சீட்டைப் படித்துவிட்டு மைக்கிலேயே சிரித்தார். “யாருப்பா இந்த அண்ணாத்த? அது அப்பத் தோணுச்சு, வாசிச்சேன், அப்பவே பூடுச்சு. எனக்கே ஞாபகம் இல்ல. உனக்கு ஞாபகம் கீதா? பாடு, கேப்போம்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில், குளியலறையில்கூடப் பாடாதவன், எழுந்து நின்று முனகினேன். கடைசியில் ஓரிடத்தில் நன்றாகவே சறுக்கினேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார், நான் சறுக்கிய இடத்திலிருந்து.