ஒரே கடலுக்கு இரண்டு கோடுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் சுகம்.

தம்பியின் வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் அலுவலகம் ஒரே கடலுக்கு இரண்டு வரைபடங்கள் அச்சிடுகிறது. நம் நாட்டுக்கு விற்பதில் எல்லைக்கோடு ஓரிடத்தில் இருக்கும். அவனுடைய மீன்பிடிப் படகைப் பிடித்த நாட்டுக்கு விற்பதில் வேறிடத்தில் இருக்கும். இரண்டையும் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. அவன் எல்லை தாண்டினான் என்பதற்கு அவர்கள் நீதிமன்றத்தில் காட்டியது நான் கையெழுத்திட்ட படம்தான்.

“ரெண்டு கோடு இருக்குன்னு வக்கீலுக்கு ஒரு லெட்டர் குடுங்க சார்” என்று மேலாளரிடம் கேட்டேன்.

“ரெண்டு கடற்படையும் நமக்குக் கஸ்டமர்மா. அடிச்சுக்கறது அவங்க பாடு, நமக்கேன் வம்பு?” என்று சிரித்தார்.

நேற்று இரண்டு படங்களையும் நானே வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். மிஞ்சிப் போனால் வேலை போகும், கவலைப்படாதீர்கள்.

அடுத்த கடிதத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒழுங்காகத்தான் எழுதித் தருகிறாள், ஆனாலும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். அந்தப் படத்தில் இருப்பது யார் கையெழுத்து என்று தம்பிக்குத் தெரியாது. அவன் வெளியே வந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வராது.

உங்கள் மகள்